பிளான் இலவசம்: செட்டிநாட்டில் கட்டட வடிவமைப்பு வேலை யார் கணக்கில்?

காரைக்குடி செக்காலை ரோட்டிலோ நூறடி ரோட்டிலோ ஒரு நடை போய்வந்தால் ஏறக்குறைய ஒரே வாசகம் கொண்ட பலகைகள் கண்ணில் படும்: ‘பிளான், எஸ்டிமேட், எலிவேஷன், அப்ரூவல், வாஸ்து, கட்டுமானம்’. சிலவற்றில் கூடுதலாக ஒரு வரி இருக்கும்: ‘கான்ட்ராக்ட் கொடுத்தால் பிளான் இலவசம்’. தமிழ்நாட்டில் கட்டடக்கலை, பொறியியல் சேவைத் துறையில் வேலைவாய்ப்பு கூடுகிறதா குறைகிறதா என்று புள்ளிவிவரத்தைப் புரட்டுமுன் இந்தக் கடைசி வரியைப் படித்துவிடுவது நல்லது.

ஒருவர் எந்தத் தொழிலில் இருக்கிறார் என்பதை இந்தியாவில் தேசியத் தொழில் வகைப்பாடு 2008 சொல்கிறது. அதில் 71ஆம் பிரிவு கட்டடக்கலை, பொறியியல் பணிகளுக்கும் தொழில்நுட்பச் சோதனைகளுக்கும் உரியது. வீட்டுக்கு வரைபடம் போடுவது, தூண்–பீம் கணக்கு, நில அளவை, மண் பரிசோதனை, கான்கிரீட் கியூபை உடைத்துப் பார்ப்பது எல்லாம் இதற்குள் வரும். கட்டும் வேலைக்கு எண்கள் வேறு: கட்டடங்களுக்கு 41, சாலை பாலங்களுக்கு 42, வயரிங் பிளம்பிங் போன்றவற்றுக்கு 43. இரண்டையும் செய்யும் அலுவலகத்துக்கு எந்த வேலை பெரிதோ அந்த எண்தான். வரைபடத்துக்கு ஒரு ரூபாயும் வாங்காத அலுவலகத்தின் எண் 41 என்பதில் சந்தேகமே வேண்டாம். அங்கே காலை 10 மணியிலிருந்து ஆட்டோகேடில் உட்கார்ந்திருக்கும் டிராஃப்ட்ஸ்மேனும் கணக்கில் கட்டுமானத் தொழிலாளிதான்.

இந்த ஊரில் 71க்கு வெளியே போய்விடும் பொறியாளர்கள் இன்னும் பலர். காரைக்குடியின் பெரிய தொழில்நுட்ப அடையாளம் 1948இல் நேரு அடிக்கல் நாட்டி 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம், ஊர்க்காரர் வாயில் ‘சிக்ரி’. கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடிப்பதைப் பற்றி நாட்டில் ஆழமாக ஆராய்ந்த இடங்களில் ஒன்று அது. ஆனால் அங்கே இருப்பவர்கள் ஆராய்ச்சிப் பிரிவான 72இல் எண்ணப்படுவார்கள். 1952இல் தொடங்கிய அழகப்பா செட்டியார் பொறியியல் கல்லூரியின் சிவில் ஆசிரியர்கள் 85இல், கல்விக் கணக்கில். பொதுப்பணித் துறை, நெடுஞ்சாலைத் துறைப் பொறியாளர்கள் 84இல், அரசு நிர்வாகத்தில். வங்கிக் கடனுக்காக வீட்டை மதிப்பிடுபவர் நில–கட்டட வணிகமான 68இல். உள்ளலங்காரம் செய்பவர் 74இல். சிவில் படித்த பத்துப் பேரை ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார வைத்தால், 71இல் விழுபவர் ஒன்றிரண்டு பேர் தேறுவதே அதிகம்.

இதனால் ‘துறையில் வேலை குறைந்தது’ என்று ஒரு தலைப்பைப் படிக்கும்போது, குறைந்தது தொழில்வாரிக் கணக்கா, பணிவாரிக் கணக்கா என்று முதலில் கேட்க வேண்டும். கட்டடக்கலைஞர், சிவில் பொறியாளர் என்று பணியை வைத்து எண்ணுவது வேறொரு வகைப்பாடு. அதில் சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கும் பொறியாளரும் பொறியாளரே. இரண்டு எண்களும் எதிரெதிர்த் திசையில் போவது சாத்தியம்.

எண்ணும் முறையிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. உழைப்பாளர் கணக்கெடுப்பு 2017–18இலிருந்து குடும்பங்களைக் கேட்டுத் திரட்டப்படுகிறது. வீட்டுக்கு வரும் கணக்கெடுப்பாளர், ‘அண்ணன் என்ன வேலை பாக்குறாக?’ என்று கேட்டால், வீட்டில் சொல்லும் பதில், ‘பில்டிங் கட்டிக் குடுக்குறாக.’ எண் 41 விழுந்தாயிற்று. கம்பெனியாகப் பதிவு செய்யாத சிறு நிறுவனங்களுக்கான ஆண்டுக் கணக்கெடுப்போ கட்டுமானத்தை அடியோடு விட்டுவிட்டு உற்பத்தி, வணிகம், பிற சேவைகளை மட்டும் எடுக்கிறது. ஆகவே வரைந்தும் கட்டியும் கொடுக்கும் ஒற்றை ஆள் அலுவலகம், தன்னை எப்படிச் சொல்லிக்கொள்கிறது என்பதைப் பொறுத்து உள்ளே வரும் அல்லது காணாமல் போகும். 2025 ஜனவரியிலிருந்து உழைப்பாளர் கணக்கெடுப்பில் மாவட்டமே மாதிரி எடுப்பின் அடிப்படை அலகு ஆகியிருக்கிறது. இது முன்னேற்றம்தான். ஆனாலும் சிவகங்கை போன்ற மாவட்டத்தில் 71ஆம் பிரிவில் சிக்கும் ஆட்களை விரல் விட்டு எண்ணலாம். ஒரு வருடம் இருவர் கூடினால் வளர்ச்சி என்றும், அடுத்த வருடம் மூவர் குறைந்தால் சரிவு என்றும் வாசிப்பது விளையாட்டு.

அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் இந்தத் துறையின் வேலை எண்ணிக்கை சம்பளப் பட்டியலிலிருந்து வருகிறது. அங்கே இதன் தொழில் எண் 5413. சுயமாகத் தொழில் செய்பவர்கள் அதில் சேர மாட்டார்கள். ஆனாலும் அந்த எண்ணை அங்கே உற்றுப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. வரைபடம் முதலில், கடைக்கால் பிறகு. வரைபவர்களுக்கு வேலை குறைந்தால் சில மாதங்களில் கட்டுபவர்களுக்கும் குறையும். வரைபவரும் கட்டுபவரும் ஒரே ஆளாக இருக்கும் செட்டிநாட்டில் அந்த முன்னறிவிப்பு மணி அடிப்பதில்லை.

ஆனால் இங்கே வேறொரு மணி இருக்கிறது, அது பஞ்சாங்கம். ஆடியில் கடைக்கால் தோண்ட மாட்டார்கள், மார்கழியிலும் மாட்டார்கள். வாஸ்து நாட்கள் ஆண்டுக்கு எட்டு. அதில் ஒன்று ஆடியிலேயே வருகிறது என்று ஜோசியரே சொன்னாலும் வீட்டு ஆச்சி ஒப்புக்கொள்வதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மழை. இதன் விளைவு வேடிக்கையானது. ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை புது வீட்டுக் கொத்தனாருக்கு வேலை மந்தம். ஆவணி பூமி பூஜைக்குப் பிளான் தயாராக வேண்டுமே என்று அதே நாட்களில் டிராஃப்ட்ஸ்மேன் இரவு ஒன்பது வரை உட்கார்ந்திருப்பார். தைக்கு முந்திய மார்கழியிலும் இதே கதை. கட்டுமான வேலையும் வரைபட வேலையும் ஒன்றுக்கொன்று எதிராக ஏறி இறங்குகின்றன. ஜூலை–செப்டம்பர் காலாண்டை முந்தைய காலாண்டோடு ஒப்பிட்டுத் தொழில் சரிந்தது என்று எழுதுபவர்கள் ஆடியை மறந்தவர்கள். போன வருட ஜூலை–செப்டம்பரோடுதான் ஒப்பிட வேண்டும்.

வேலைக்கு வருபவர்கள் மூன்று வழிகளில் வருகிறார்கள். ஐ.டி.ஐ.யில் இரண்டாண்டு டிராஃப்ட்ஸ்மேன் சிவில், பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு டிப்ளமா, நான்காண்டு பி.இ. கட்டடக்கலைக்கான பி.ஆர்க். ஐந்தாண்டு. அதற்குத் திருச்சி என்.ஐ.டி.யோ மதுரை தியாகராசரோ சென்னையோ போனவர்கள் படித்து முடித்துத் திரும்புவது குறைவு. தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரிகள் ஐந்நூறைத் தாண்டிப் போய், பிறகு குறைந்தன. கணினிப் பிரிவுகள் பெருத்தபோது முதலில் காலியானவற்றில் சிவில் இருக்கைகளும் உண்டு. இதை வைத்துச் சிவிலுக்கு எதிர்காலம் இல்லை என்று பேசுவது வழக்கம். சைட்டில் நிலைமை வேறு. ஐந்து வருடம் அனுபவமுள்ள சைட் இன்ஜினியரைத் தேடினால் கிடைப்பதில்லை. புதிதாக வந்தவர்களோ வரிசையில் நிற்கிறார்கள். முதல் இரண்டு வருடம் மாதச் சம்பளம் கொத்தனாரின் மாத வருமானத்துக்குக் கீழே இருக்கும் ஒரு தொழிலில், ஐந்தாவது வருடம் வரை தாக்குப்பிடிப்பவர் எத்தனை பேர்?

தாக்குப்பிடிக்காதவர்கள் போகும் வழி இந்தச் சீமைக்குப் புதிதல்ல: கப்பல் ஏறுவது, இப்போது விமானம். சிவகங்கை, புதுக்கோட்டை, ராமநாதபுரத்துப் பையன்களுக்குச் சிங்கப்பூரும் வளைகுடாவும் பழகிய இடங்கள். ஆனால் அங்கே வாசல்கள் குறுகிக்கொண்டு வருகின்றன. 2018இல் குவைத் இந்தியப் பொறியாளர்களின் பட்டத்துக்குத் தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம் இருக்க வேண்டும் என்று கறாராக நின்றபோது, பல வருடம் அங்கே வேலை பார்த்தவர்கள்கூட ‘பொறியாளர்’ என்ற பதவிப் பெயரோடு விசாவைப் புதுப்பிக்க முடியாமல் திண்டாடினார்கள். வாரியம் அங்கீகரிப்பது கல்லூரியை அல்ல, பாடப்பிரிவை. அதே கல்லூரியின் மெக்கானிக்கலுக்கு இருந்து சிவிலுக்கு இல்லாமல் போகலாம். சேரும் ஆண்டில் அந்த அங்கீகாரம் உயிரோடு இருக்கிறதா, முடிக்கும் ஆண்டு வரை நீடிக்குமா என்று பார்த்துவிட்டு இருக்கை எடுப்பது இன்றைக்கும் புத்திசாலித்தனம்.

இன்னொரு வழி சென்னை, கோவை, திருச்சியில் இருக்கும் வரைபட நிறுவனங்கள். அமெரிக்கா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியாவில் எழும் கட்டடங்களுக்கு இரும்புச் சட்ட விவர வரைபடமும், கம்பி வளைப்பு அட்டவணையும், முப்பரிமாண மாடலும் இங்கிருந்து போகின்றன. தமிழ்நாட்டில் 71ஆம் பிரிவு உண்மையாகவே வளரும் இடம் இதுதான். காரணம் எளிது: அங்கே வரைபடத்துக்குத் தனியே காசு உண்டு. காரைக்குடிப் பெண்கள் பலர் வீட்டிலிருந்தே இந்த வேலையைப் பார்க்கிறார்கள். ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. டெக்சஸில் கட்டுமானம் தளர்ந்தால் நமது தெருவில் ஒரு கணினி அணையும், ஊரில் எத்தனை வீடு எழும்பினாலும்.

சட்டத்தின் பக்கம் சுருக்கமாக. 1972ஆம் ஆண்டின் கட்டடக்கலைஞர் சட்டப்படி பதிவு செய்யாதவர் ‘ஆர்க்கிடெக்ட்’ என்று பெயர் போட்டுக்கொள்ளக் கூடாது. ஆனால் தடை பெயருக்குத்தான், வேலைக்கு அல்ல என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. ஆகவே சிவில் பொறியாளர் வீட்டுக்கு வடிவமைப்பதில் சட்டச் சிக்கல் இல்லை. 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் பதிவு பெற்ற பொறியாளர், கட்டமைப்புப் பொறியாளர் என்று தனித்தனியாகப் பொறுப்பைப் பிரித்தன. 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது. 2,500 சதுரடி மனைக்குள், 3,500 சதுரடிக் கட்டடப் பரப்புக்குள், தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட வீட்டுக்கு இணையத்திலேயே உடனடி அனுமதி. அதே 2024இல் காரைக்குடி மாநகராட்சியும் ஆனது. ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைந்ததே வருமானமாக இருந்தவர்களுக்கு இது இழப்பு. அலைச்சலை விற்றவர்கள் இனி வரைபடத்தை விற்க வேண்டும். அதற்கு வரைபடத்தில் சரக்கு இருக்க வேண்டும்.

இலவசப் பிளானில் என்ன இருக்கிறது? பெரும்பாலும் ஒரு தளவரைபடம், ஒரு வண்ண எலிவேஷன், அனுமதிக்கான ஒரு தாள். 1,200 சதுரடி வீட்டை ஒழுங்காகக் கட்ட வேண்டுமென்றால் தூண் நிலைக்குறிப்பு, அஸ்திவார விவரம், பிளின்த் பீம், ஒவ்வொரு தளத்துக்கும் பீம்–ஸ்லாப் கம்பி விவரம், மாடிப்படி வெட்டுத்தோற்றம், கதவு ஜன்னல் அட்டவணை, மின் புள்ளிகள், தண்ணீர்க் குழாய் வழி என்று பன்னிரண்டு பதினைந்து தாளாவது வேண்டும். அவை இல்லாதபோது முடிவெடுப்பவர் மேஸ்திரி. அவர் அனுபவத்தைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் மாடிப்படி திரும்பும் இடத்தில் பீம் தலையில் இடிப்பதும், கழிப்பறைக் குழாய்க்காக வார்த்த ஸ்லாபை மூன்று நாளில் கொத்துவதும், கதவு ஜன்னலுக்கு மேலே வரும் லின்டல் மட்டம் அறைக்கு அறை மாறுவதும் இந்த வெற்றிடத்திலிருந்து வருபவை. காரைக்குடியின் கெட்டியான செம்புறை மண்ணில் அஸ்திவாரத் தவறு பல வருடம் ஒளிந்திருக்கும். கண்மாய் ஓரக் களிமண்ணில் முதல் கோடையிலேயே சுவரில் கோடு விழும். மண் பரிசோதனைக்கு ஆகும் செலவு, வாசல் கேட்டின் எஸ்.எஸ். வேலைக்கு ஆகும் செலவைவிடக் குறைவு. கேட்டைத் தெருவே பார்க்கும், மண்ணை யார் பார்க்கிறார்கள்?

விரைவில் அழியக்கூடிய வேலை எது என்றும் இங்கேயே சொல்லிவிடலாம்: எலிவேஷன் படம். கணினியிடம் கேட்டால் அரை நிமிடத்தில் பத்து முகப்பு வரைந்து தருகிறது. அதை மட்டும் கற்றுக்கொண்டு வருபவர்கள் வேறு கைத்தொழிலும் தேடிக்கொள்வது நல்லது.

எதிர்த்திசையில் வளரும் வேலை இந்த மண்ணுக்கே உரியது. செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. கானாடுகாத்தான், கடியாபட்டி, கொத்தமங்கலம் என்று பல ஊர்களில் பழைய வீடுகள் விடுதிகளாகியிருக்கின்றன. இங்கே வரைபடத்தை இலவசமாகக் கொடுக்க முடியாது, ஏனென்றால் வீடு ஏற்கெனவே நிற்கிறது. நிற்பதை அளக்க வேண்டும். அந்த அளவெடுப்பு முழுக்க முழுக்க 71ஆம் பிரிவு வேலை.

முகப்பு, வளவு என்ற நடுமுற்றம், இரண்டாம் கட்டு, சமையல் கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீட்டை மூன்று பேர் அளந்தால் இரண்டு வாரத்துக்குக் குறையாது. முன்வாசல் நிலையின் நடுவிலிருந்து பின்வாசல் நடுவுக்கு நூல் பிடிப்பது முதல் வேலை. வாசல்கள் ஒரே நேர்கோட்டில் இருப்பது இந்த வீடுகளின் இயல்பு என்பதால், அந்த நூலே எல்லா அளவுக்கும் அடிப்படைக் கோடு. அதிலேயே தொடர் அளவு, அதாவது எல்லா அளவையும் ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து, எடுக்க வேண்டும். ஒவ்வொரு அறையையும் தனித்தனியே அளந்து கூட்டினால் 40 துண்டில் துண்டுக்கு 5 மில்லிமீட்டர் பிசகினாலும் கடைசியில் 20 சென்டிமீட்டர் காணாமல் போகும். அறைக்கு நான்கு பக்கமும் இரண்டு மூலைவிட்டமும் கட்டாயம். பார்வைக்குச் சதுரமாகத் தெரியும் வளவு, மூலைவிட்டம் பிடித்தால் கோணலாக இருக்கும். சுவர்க்கனத்தை ஊகிக்கக் கூடாது, நிலைவழியே நேரடியாக அளக்க வேண்டும். தரை மட்டத்துக்கு லேசர் கருவி இல்லாவிட்டால் ட்யூப் மட்டம் போதும். குமிழ் இல்லாமல் தண்ணீர் நிரப்புவது மட்டும் பொறுமை கேட்கும் வேலை.

அடுத்தது பழுதுப் பட்டியல். தேக்குக் கட்டைகள் நடுவில் கெடுவது அரிது, சுவருக்குள் புதைந்த முனையில்தான் உளுக்கும். வெளியே வர்ணம் பளபளவென்று இருக்கும். முனைக்கு அருகே குத்தூசியால் குத்திப் பார்த்தால் பிஸ்கட்டில் இறங்குவது போல இறங்கும். காரணத்தைத் தேடி மேலே ஏறினால், இரண்டு ஓட்டுச் சரிவுகள் சேரும் மூலையில் வேப்பிலைச் சருகு அடைத்திருக்கும். தண்ணீர் ஓடவேண்டிய இடத்தில் தேங்கி, சுவருக்குள் இறங்கி, கட்டையின் முனையைத் தேடிப் பிடிக்கிறது. சருகை வருடத்துக்கு இரண்டு முறை அள்ளியிருந்தால் அந்தக் கட்டைக்கு இன்னும் நூறு வயது.

சுவரில் நடக்கும் தவறு இதைவிடப் பரவலானது. சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சி மெல்ல வெளியே விடும். அதன் கீழ்ப்பகுதி உதிர்ந்ததும் சிமென்ட் பூசுகிறார்கள். சிமென்ட் ஈரத்தை விடாது. ஈரம் சிமென்ட்டுக்கு மேலே ஏறி வழி தேடும். உப்பு பூத்து, இரண்டு மூன்று வருடத்தில் சிமென்ட் பூச்சு பலகை பலகையாகப் பெயரும், கூடவே பின்னாலிருக்கும் நல்ல சுண்ணாம்பையும் இழுத்துக்கொண்டு வரும். பிறகு அதன்மேல் இன்னும் உயரமாகச் சிமென்ட். மட்டப்பா என்ற தட்டையான மொட்டைமாடித் தளத்திலும் இதே கதை. தேக்குக் கட்டைமேல் செங்கலைச் சாய்வாக நிறுத்தி, செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புக் கலவை கொட்டி, கடுக்காய் நீர் விட்டு நாள்கணக்கில் தட்டி இறுக்கிய தளம் வெயிலில் கொஞ்சம் விரிந்து சுருங்கும். மேலே போட்ட சிமென்ட் தளம் அதோடு சேர்ந்து அசையாமல் வெடித்து, வெடிப்பு வழியே தண்ணீரைக் கட்டைக்கு அனுப்புகிறது. கீழே அறையில் புதிதாகக் கட்டிய விருந்தினர் குளியலறையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

இதைக் கண்டுபிடித்து எழுதத் தெரிந்த பொறியாளர் ஏன் அரிது? நான்கு வருடப் படிப்பு கான்கிரீட்டைச் சுற்றியே ஓடுகிறது. கட்டடச் சுண்ணாம்புக்கு ஐ.எஸ். 712 என்று தனித் தரவரையறை இருப்பதே பலருக்குத் தெரியாது. சுண்ணாம்பு ஊறவும் அரைக்கவும் வாரக்கணக்கில் முன்கூட்டியே திட்டமிட வேண்டும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்த மேல்பூச்சு கல்லால் தேய்த்து மெருகேறும்வரை கையை எடுக்க முடியாது. சதுரடி ரேட்டில் பேசும் ஒப்பந்தத்தில் இந்தப் பொறுமைக்கு இடமில்லை. தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லும் அப்படியே. கண்ணாடிமேல் வண்ணச் சிமென்ட் ஊற்றி வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. ஊற வேண்டிய நாளைக் குறைத்து வாங்கி வந்தால் பதித்த பிறகு வண்ணம் பொடியாக உதிரும். ஆசிட் ஊற்றிக் கழுவினால் மெருகே போய்விடும். இதையெல்லாம் தாளில் எழுதி, சைட்டில் நின்று, ‘இன்னைக்குப் பூச வேண்டாம்’ என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளின் சம்பளம் எந்த எஸ்டிமேட்டிலும் தனி வரியாக இல்லை என்பதே இந்த வேலை பெருகாததற்குக் காரணம்.

அதைவிடப் பெரிய முட்டுக்கட்டை கையெழுத்து. ஒரு வளவு வீட்டுக்குப் பங்காளிகள் இருபது முப்பது பேர் இருப்பது சாதாரணம். ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் நியூ ஜெர்சியில். எல்லாரும் ஒப்பினால்தான் ஓட்டைப் பிரிக்கலாம். ஒப்பாவிட்டால் வீடு இடிப்புக்காரரிடம் போய், தூண்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருளாக நிற்கும். அலுவலகம் முழு வேலைக்குமாக ஒரே தொகை பேசியிருந்தால், பங்காளிகள் சேரும்வரை அளந்த பையன்களுக்குச் சம்பளம் இல்லை. மூன்றாம் மாதம் அவர்கள் திருச்சிக்குக் கிளம்பிவிடுவார்கள்.

இதை அறிந்த சில அலுவலகங்கள் கட்டணத்தை நான்காகப் பிரிக்கின்றன: அளவு வரைபடம், பழுது அறிக்கை, பழுதுபார்ப்பு வரைபடம், சைட் மேற்பார்வை. ஒவ்வொன்றுக்கும் தனி பில், முடிந்ததும் காசு. முதல் இரண்டுக்கும் வீட்டின் சாவி போதும், முப்பது கையெழுத்து வேண்டியதில்லை. ஒரு பங்காளி மட்டும் காசு போட்டாலும் வேலை நடக்கும், மூன்று பேருக்கு ஒன்றரை மாதச் சம்பளமும் தேறும். மூன்றாம் பில், அடுத்த கோயில் திருவிழாவுக்குக் குடும்பம் கூடி வளவில் பந்தி போடும்வரை காத்திருக்கும்.